பான் யாவ்திங் கீழே இறக்கிய லத்தீன் புத்தகங்கள்

சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஷிதான் ஊர் மாதா கோயில் நூலகத்துக்கு பான் யாவ்திங் வந்தது படகிலிருந்து பெட்டி தூக்கும் கூலியாளாகத்தான். ஒரு பெட்டியைக்கூட அவர் தரையில் தொப்பென்று போடவில்லை. அதைக் கவனித்த நூலகப் பாதிரியார் மொரேல் அவரை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் சீனப் புத்தகங்கள், மாடியில் லத்தீன். லத்தீனில் ஓர் எழுத்துகூட பானுக்குத் தெரியாது. ஆனால் அட்டையின் நிறத்தையும் தடிமனையும் வைத்தே கேட்ட புத்தகத்தைக் கொண்டுவந்துவிடுவார். சீனம் நன்றாக வாசிப்பார். சோறும் உப்பு முள்ளங்கியும் தின்ற கையைக் கழுவிவிட்டு, மதியங்களில் மாவட்ட வரலாறுகளை விரித்து உட்கார்ந்துவிடுவார். எந்த அரசர் காலத்தில் எந்தக் கரை உடைந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

1951இல் புது அரசின் உத்தரவால் வெளிநாட்டுப் பாதிரியார்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. படித்துறையில் மொரேல் சாவியை அவர் கையில் வைத்தார்.

"எல்லாத்தையும் பாத்துக்கங்க, பான்."

மூன்று வருடம் கழித்து யாங்சி பொங்கியது. ஊரே குன்றின்மேல் ஏறியது. பானும் மனைவி லியன்யிங்கும் மட்டும் நூலகத்தில் தங்கி, கீழே இருந்த புத்தகங்களை மாடிக்குச் சுமந்தார்கள். மாடியில் இடமே இல்லை. பலகைத் தரை வேறு பாரம் தாங்காமல் முனகியது. ஓர் அடுக்கு ஏற வேண்டுமென்றால் ஓர் அடுக்கு இறங்கியாக வேண்டும். பான் லத்தீன் அலமாரியில் கை வைத்தார்.

"சாமி புஸ்தகத்தையா இறக்குறீங்க? ஃபாதருக்கு என்ன பதில் சொல்வீங்க?"

"இது ரோம்ல இருக்கும், பாரிஸ்ல இருக்கும். நம்ம ஊர் கதை வேற எங்க இருக்கு, சொல்லு."

"வக்கணையாத்தான் பேசுறீங்க."

"சரி, நீ அந்தப் பக்கம் புடி."

நானூற்றுக்கு மேற்பட்ட லத்தீன் புத்தகங்கள் தண்ணீரில் ஊறிக் கஞ்சியாயின. வெள்ளம் வடிந்ததும் இருவரும் அவற்றைக் கோயில் தோட்டத்தில் புதைத்தார்கள். அதற்கு முன் பான் ஒவ்வொரு அட்டையிலும் இருந்த எழுத்துகளைப் படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். அதற்கே ஒன்பது நாளாயிற்று. பட்டியலோடு நடந்ததையெல்லாம் எழுதி, ஹாங்காங் வழியாக மொரேலுக்கு அனுப்பினார்.

மறுவருடம் கரை கட்டும் பொறியாளர்கள் பழைய வெள்ளங்களின் உயரம் தேடி வந்தார்கள். பான் ஐந்து புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டு கைப்பிரதிகள், வேறெங்கும் கிடையாது. இதையெல்லாம் கண்ட பிறகும் புதைத்த புத்தகங்களை நினைத்து அவருக்கு மனசு ஆறவில்லை.

கடிதம் அனுப்பிப் பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மொரேலின் கோணல் சீன எழுத்து. பான் வாய்விட்டு வாசித்தார்.

"பட்டியலில் பாதி எழுத்துகள் தலைகீழ். சிரித்தேன், பிறகு அழுதேன். நானாக இருந்தால் லத்தீனைத்தான் காப்பாற்றியிருப்பேன், பான். அது தப்பாகப் போயிருக்கும்."

லியன்யிங் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"திட்டவே இல்லையா?"

"இல்ல."

"நல்ல மனுஷன்" என்றபடி அவள் அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அன்று வெகுநாளைக்குப் பிறகு பான் இரண்டாம் கிண்ணம் சோறு கேட்டார்.