பத்து மணிக்குக் கூடையை இறக்கியவள்

காளியாயியைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். பீலிக் குழாயில் தண்ணீருக்கு நின்றால் அவள் சத்தம் மேல் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை எட்டிப் பார்த்து, கணக்கப்பிள்ளையிடமே நியாயம் பேசுவாள். இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களை வேலை வாங்கும் கங்காணி நான். நல்லமுத்துக் கங்காணி என்றால் அன்றைக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் அவளுக்கு இல்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. அவள் பள்ளத்தில் இருந்த பணிய லயத்துக்காரி. நாங்கள் சாதியில் மேலே என்று சொல்லிக்கொண்டவர்கள். ஒரே துரைக்குக் கும்பிடு போட்டோம், ஒரே மழையில் நனைந்தோம், ஒரே அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்தோம். ஆனாலும் என் வீட்டு வாசலில் அவளுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர். இதை அந்தக் காலத்தில் நான் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

எழுபத்துநாலாம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசி கண்ணில் படாது. கூப்பனுக்குக் கிடைக்கும் கொஞ்சம் மாவுக்கு விடியலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். கீரையும் மரவள்ளியும் தின்று மலையேறிய பெண்கள் தேயிலைக்குள்ளேயே மயங்கி விழுந்தார்கள். காளியாயிக்கு ஏற்கனவே இரண்டு பெண்பிள்ளைகள். மூன்றாவதாகப் பிறந்த ஆண்குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அவள் புருஷன் செல்லசாமி மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன், வாய் திறக்காத மனிதன். அவன் தேயிலைப் பெட்டிப் பலகையில் குழந்தைக்குப் பெட்டி செய்தான். எட்டு நாள் கழித்து அவள் கூடையோடு, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றாள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் பத்து மணிக்குக் கூடையை இறக்கிவிட்டு, ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். மத்தியானமும் அப்படித்தான். தோட்டத்தில் இருந்த ஒரே இரக்கம் அதுதான். என் மருமகள் நாகலெட்சுமியும் அப்படிப் போகிறவள். என் மகன் சின்னராசாவின் தலைச்சன் பிள்ளை அழகனை, லயத்தில் பார்க்க ஆளில்லாமல் அங்கேதான் விட்டிருந்தோம். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த நாளில் என் பேரன் மட்டும் தொடையில் மடிப்பு விழுந்து கிடந்தான். எங்கள் இரத்தம் அப்படி என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காளியாயி வேலைக்குத் திரும்பிய சில நாளில், பத்து மணிக்கு அவளும் கூடையை இறக்கினாள். தாய்மார்களோடு சேர்ந்து இறங்கிப் போனாள். பிள்ளை செத்த துக்கத்தில் பழைய பழக்கம் போகவில்லையாக்கும் என்று முதல் நாள் விட்டுவிட்டேன். அடுத்த நாளும் போனாள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் தினமும் போனாள். மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண் மற்றப் பிள்ளைகள் மேல் படுவது நல்லதில்லை என்று ஒருத்தி சொன்னாள். எனக்குக் கண்ணைப் பற்றியெல்லாம் கவலையில்லை. இவள் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள், செத்த பிள்ளையைச் சாக்கு வைத்து உட்கார்ந்துவிட்டு வருகிறாள் என்றுதான் என் புத்தி போனது.

ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் அவளை நிறுத்தினேன். "செத்த புள்ளைக்கு இன்னும் பால் குடுத்துக்கிட்டு இருக்கியா நீ?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, நாகலெட்சுமியைப் பார்த்தாள். என்னவோ சொல்லப் போகிறவள்போல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தராசு முள்ளுக்கே சண்டை பிடிக்கிறவள், கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் போனாள். அந்த வாய் பேசாமல் போனதையே நான் அவள் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

நாகலெட்சுமி அன்று சாயங்காலம் வீட்டில், "பாவம் மாமா, அவளயும் விடுங்களேன்" என்றாள். என் வேலையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. அவளை அப்படிப் பேசாமல் இருக்கப் பழக்கியவனும் நான்தான். மறுநாளே காளியாயியைத் தூரத்து மேல்மலைக்கு மாற்றினேன். பிள்ளைக் காம்பரா ஆயா தெரேசாவிடம், பிள்ளை இல்லாதவள் இங்கே காலடி வைத்தால் உன் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரேசா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். இதற்கெல்லாம் என்ன சிலுவை என்று நான் சிரித்தேன்.

முதல் வாரத்திலேயே அழகன் சிணுங்க ஆரம்பித்தான். மூன்றாவது வாரத்தில் தொடை மடிப்பு போய்விட்டது. மாவைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றினோம், வயிற்றால் போனது. தோட்டத்து மருந்துக்காரர் பால் கொடுங்கள் என்றார். பால்மா உடப்புசல்லாவைக் கடைகளிலும் இல்லை, நுவரெலியாவிலும் இல்லை. நான் நாகலெட்சுமி மேல் பாய்ந்தேன். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் என்னடி செய்கிறாய் என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. அவள் குரல் அவ்வளவு திடமாக இருந்து நான் கேட்டதேயில்லை.

"எனக்கு ரெண்டாம் மாசமே பால் வத்திப் போச்சு மாமா. ஒங்க பேரன் குடிச்சதெல்லாம் காளியாயி பால். அவளைத்தான் நீங்க மேமலைக்கு வெரட்டிட்டீங்க."

மிச்சத்தையும் அவளே சொன்னாள். பிள்ளையை இழந்த காளியாயிக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகியிருந்தது. வலி தாங்காமல் தெரேசாவிடம் மருந்து கேட்டுப் போனவளின் மடியில், அழுதுகொண்டு கிடந்த அழகனைத் தெரேசா தூக்கிப் போட்டாள். முதல் நாள் காளியாயி தன் வலிக்காகக் கொடுத்தாள். அடுத்த நாள் நாகலெட்சுமி அவள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். கங்காணிக்குத் தெரிந்தால் பிள்ளையைக் கொன்றாலும் கொன்றுவிடுவார், தெரியவே கூடாது என்று மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள். நூறு கண் பார்க்கும் லயத்தில் முடியாது என்று, பிள்ளைக் காம்பராவின் பின் அறையில் அவளை விட்டுத் தெரேசா கதவைச் சாத்தி நின்றாளாம். காளியாயி தன் பெண்பிள்ளைகளுக்கு மரவள்ளியைக் கொடுத்துவிட்டுக் கீரைத் தண்ணீர் குடித்த வயிற்றோடுதான் வந்து பால் கொடுத்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. அருவருப்பு வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை வாயில் அவள் பாலா என்றுதான் என் மனம் குமட்டியது. நான் இவ்வளவு கேவலமானவன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் வெட்கம். அந்த அருவருப்போடு இரண்டு நாளைக் கடத்தினேன். மூன்றாம் நாள் அழகனுக்கு அழச் சத்தம் வரவில்லை. அப்போதுதான் நான் பணிய லயத்துக்கு இறங்கிப் போனேன்.

காளியாயி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, வா என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புகை பட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நிப்பாட்டுனா வத்திப் போயிருமுங்க கங்காணி ஐயா. பெரட்டுக்கு ஆள் கூப்புடுற மாதிரி, நீங்க கூப்புட்டதும் வர்றது இல்லீங்க அது."

சொன்னாளே தவிர, வந்தாள். என் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். அடுப்போரம் உட்கார்ந்து பிள்ளையை வாங்கி அணைத்தாள். அழகன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். இல்லாத பலத்தையெல்லாம் சேர்த்துச் சப்பினான். ஒன்றும் வரவில்லை. அவள் இந்தப் பக்கம் மாற்றினாள், அந்தப் பக்கம் மாற்றினாள். பிறகு பிள்ளையை நாகலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு தன் பிள்ளைக்கு அழாத அழுகையை அழுதாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் அழகன் போய்விட்டான். செல்லசாமிதான் அவனுக்கும் பெட்டி செய்து கொண்டுவந்தான்.

அதற்குப் பிறகு நான் யாரையும் விசாரிக்காமல் திட்டியதில்லை. பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களிடம் ஏன் என்று கேட்டேன், கேட்டுவிட்டுக் காது கொடுத்தேன். கங்காணி தங்கமான மனிதராகிவிட்டார் என்று தோட்டத்தில் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். எவ்வளவு நல்ல புத்தி வந்து என்ன, அது வர ஒரு பிள்ளை சாக வேண்டியிருந்தது. காளியாயியைப் பழைய மலைக்கே மாற்றினேன். அவள் பழையபடி தராசோடு சண்டை பிடித்தாள். என்னோடு மட்டும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டுவாள் என்று எட்டு வருஷம் காத்திருந்தேன்.

எண்பத்திரண்டில், இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, காளியாயி குடும்பத்துக்கு இந்தியாவுக்கே போய்விடப் பாஸ்போட் வந்தது. போகிறவர்கள் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். அவளும் மேல் லயத்துக்கு வந்து எங்கள் வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது. நாகலெட்சுமி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் உள்ளே போய், நான் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் என் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். "குடி காளியாயி. எனக்காகக் குடி" என்றேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாத முகம் அது. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒங்க பேரன் எங்கிட்டக் குடிச்சானுங்க. நான் ஒங்க வீட்டுல குடிச்சதில்ல. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றாள்.

போய் வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். நாகலெட்சுமி பஸ் வரைக்கும் அவளோடு போனாள். நான் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.