உதயகலாவின் சோடித் துவக்கு

அரியாலையில் உதயகலாவின் பெயரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் காலையில் நீலச் சீருடையும் கறுப்புச் சப்பாத்துமாகக் கணவனின் ஓட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்து யாழ்ப்பாணம் போகும் அந்தக் குள்ளமான பெண்ணைத் தெரியாதவர்கள் இல்லை. உயரம்தான் குறைவு, குரல் குறைவில்லை. அவள் சந்தியில் நின்று மீன்காரனைக் கூப்பிட்டால் மூன்று மீன்காரர் திரும்பிப் பார்ப்பார்கள்.

வங்கிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் காசும் நகையும் ஏற்றி இறக்கும் கம்பனியொன்றில் அவள் வாசற் காவலாளி. வருகிற பெண்களின் கைப்பையைத் திறந்து பார்ப்பதும், “வணக்கம் அக்கா, உள்ளை போங்கோ” என்பதும்தான் வேலை. ஆறு வருடமாக அதைச் செய்தாள். ஆனால் அவளுடைய கண் வாசலில் இல்லை; முற்றத்தில் நிற்கும் இரும்பு வாகனத்தில் இருந்தது. அதன் பின்பகுதியில், சாமானோடு பூட்டப்பட்டுத் துவக்கோடு உட்காருகிற ஆசனம் ஒன்று உண்டு. அதில் ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்பது சின்னச் சொல். அது அவளுக்கு ஒரு விரதம்.

ஊர் சும்மா இருக்குமா? “துவக்கைக் கண்டு ஓடின சனம் நாங்கள். இவள் துவக்கைத் தேடிப் போறாள்” என்றது. ஊர் சொன்னதில் பொய்யில்லை. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த மழை நாளில், ஒன்பது வயது உதயகலாவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவள்தான். பாலத்தில் நின்ற துவக்குகளைப் பார்க்கப் பயந்து, அம்மாவின் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தவள்தான். அந்தப் பயம் வளர்ந்த பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. வாகனத்தில் இருந்த பழைய காவலாளி ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது, தோட்டா ரவைகளைக் கழற்றிய துவக்கை அவள் கையில் கொடுத்தார். கை நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஆசை பிறந்தது.

பழைய காவலாளி ஓய்வுபெற்றார். அவரோடு அந்த நீண்ட பன்னிரண்டாம் இலக்கத் துவக்கும் ஓய்வுபெறும் என்று முகாமையாளர் பிரகலாதன் அறிவித்தார். வாகனத்தின் உள்ளே இடம் குறைவு. திரும்பினால் குழல் கதவில் முட்டும். அதற்குப் பதிலாகக் கட்டையான காபைன் ஒன்றும், இடுப்புக்கு ஒரு பிஸ்ரலும் எடுப்பது என்று கம்பனி முடிவு செய்தது. காபைன் என்றால் தோளில் வைத்துச் சுடுவது. ஆனால் உள்ளே போவது பிஸ்ரலின் அதே சின்ன ரவைதான். அனுமதியும் கிடைத்துக் கொழும்பிலிருந்து இரண்டு சோடிகள் பரிசோதனைக்கு வந்தன. பின் ஆசனத்துக்குப் போட்டியிட்டவர்களும் இரண்டு பேர். ஒருத்தி உதயகலா. மற்றவன் கிறிஸ்ரோபர், வாகனத்தின் முன் சீற்றில் போகும் பாசையூர்ப் பெடியன், மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரிச் சிரிப்பு.

மேசையில் இரண்டு சோடிகளையும் பரப்பினார்கள். முதலாவது சோடியின் காபைன் பார்க்கவே மிரட்டியது. முழுக் கறுப்பு, பாரம், கீழே நீளமாக வளைந்து தொங்கும், ரவைகளை அடைக்கும் ரவைக்கூடு. அதன் பிஸ்ரல் வேறொரு கம்பனியின் தயாரிப்பு. இரண்டாவது சோடி அடக்கமானது. காபைனின் சோங்கை, தோளில் முட்டும் அந்தப் பின்கட்டையை, மடித்தால் மடியில் அடங்கும். பிஸ்ரலும் அதே கம்பனியுடையது.

கிறிஸ்ரோபர் அந்தக் கறுப்புக் காபைனைத் தூக்கித் தோளில் வைத்தான்; அன்றிலிருந்து அதற்குக் கறுப்பன் என்றே பெயர். “அக்கா, இதைக் கண்டாலே கள்ளன் வல்லைவெளி தாண்டி ஓடுவான்!”

“ஓடினால் நல்லது. ஓடாமல் நிண்டால்?”

“சுடுறது.”

“ரவை முடிஞ்சால்?”

“இடுப்பிலை பிஸ்ரல் இருக்குத்தானே. ரண்டுக்கும் ஒரே ரவை.”

“ரவை ஒண்டுதான் தம்பி. கூடு வேறை. பிஸ்ரலின்ரை கூட்டை உதுக்குள்ளை போடேலுமோ? ஏலாது. இஞ்சை பார்.” உதயகலா இரண்டாவது பிஸ்ரலின் வெறுங்கூட்டைக் கழற்றி அதன் காபைனில் செருகினாள். சொந்த வீட்டுக்குள் போவதுபோல் அது உள்ளே போனது. “இடுப்பிலை இருக்கிற எல்லாக் கூடும் ரண்டுக்கும் உதவும். பதட்டத்திலை எது எதுக்கெண்டு ஆர் தேடுறது?”

“நீங்கள் என்ன சண்டைக்கே போறியள்? கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குத்தானே!”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. ரவையில்லாத காபைன்களை மாறி மாறி மடியில் வைத்து, வாகனத்தின் பின் ஆசனத்தில் ஒரு பகல் முழுவதும் ஏறி இறங்கினாள். கறுப்பனின் குழல் கதவில் முட்டியது. அதன் பாதுகாப்புப் பூட்டு அவளுடைய பெருவிரலுக்கு எட்டவில்லை. மற்றதன் பூட்டோ காபைனிலும் பிஸ்ரலிலும் ஒரே இடத்தில் இருந்தது. கை இரண்டு பாடம் படிக்கத் தேவையில்லை. வியர்த்து வழிய இறங்கி வந்தவள், “சேர், இந்தச் சோடிதான்” என்றாள்.

பிரகலாதன் கொக்குவிலார். எதையும் இரண்டு தரம் யோசிப்பவர். “உதயா, நீர் சொல்லுறது விளங்குது. ஆனால் சுட்டுப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன். விஜயதசமி அண்டைக்கு உங்களைச் சுடப் பழக்கின கனிசியஸ் அண்ணை வாறார். நல்ல நாள். துவக்கையும் ஆளையும் அண்டைக்கே முடிவெடுப்பம்.”

உதயகலாவுக்கு விளங்கிவிட்டது. கறுப்பனைத் தெரிவு செய்தால் அதற்கேற்ற ஆள் கிறிஸ்ரோபர். அவளுடைய சோடி வென்றால்தான் அவளுக்கு அந்த ஆசனம். தோற்றால் மறுபடியும் வாசல், மறுபடியும் கைப்பை.

விஜயதசமிக்கு முதல் நாள் கம்பனியில் ஆயுத பூசை. வாகனத்துக்கு மாலை போட்டு, திறப்புக் கோர்வைகளையும் பெரிய பூட்டுகளையும் துர்க்கை அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கி, நடுவில் இரண்டு சோடித் துவக்குகளையும் வைத்தார்கள். அவலும் கடலையும் மணத்தன. “பொட்டு வைக்கிறது உதயா அக்காதான்” என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கறுப்பனுக்கு அவள் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள், கடமைக்கு வைத்தது. தன் சோடிக்கு வரும்போது நெஞ்சு நிறைந்து, கண் நிறைந்து, கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குள் போனது. காபைனுக்குப் பொட்டு, பிஸ்ரலுக்குப் பொட்டு. பக்கத்தில் கிடந்த காபைனின் ரவைக்கூட்டுக்கு மூன்று விரலால் பட்டையாகவே பூசினாள், சுவாமிக்குச் சாத்துவதுபோல. “அம்மாளாச்சி, என்னை வாசலுக்குத் திருப்பி அனுப்பிப்போடாதை” என்று உதடு அசையாமல் கேட்டாள்.

மறுநாள் காலை கணவன் சுதாகரன் அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். சின்ன மழை தூறியது. “என்னப்பா, ரண்டு துவக்கிலை ஒண்டைத் தெரிஞ்செடுக்கிறதுக்கு ரண்டு கிழமையாய் நித்திரை கொள்ளேல்லை. நான் உம்மைப் பொம்பிளை பாக்க வந்த அண்டு உவ்வளவு யோசிச்சனீரோ?”

“யோசிச்சிருந்தால் நீங்கள் கிடைச்சிருப்பியளோ?”

சுதாகரன் வாய்விட்டுச் சிரித்தான். இறங்கும்போது மட்டும் அவளுடைய கையைப் பிடித்து, “போய் வாரும். வெல்லுவீர்” என்றான். அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது.

கம்பனியில் துவக்குகளைப் பாதுகாப்பறையிலிருந்து எடுத்தார்கள். அவரவர் ஆயுதத்தை அவரவர் துடைத்துச் சோதிக்க வேண்டும் என்பது கனிசியஸ் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். உதயகலா காபைனைத் துடைத்தாள், பிஸ்ரலைத் துடைத்தாள். ரவைக்கூட்டைக் கையில் எடுத்தபோது துணி நின்றது. மூன்று பட்டையும் அப்படியே காய்ந்து மஞ்சளாக இருந்தன. அம்மனுக்கு முன்னால் பூசியதை அழிக்க மனம் வரவில்லை. “இருக்கட்டும்” என்று ரவைகளை அடைத்துப் பைக்குள் வைத்தாள். அந்தச் சந்தனத்தை அழிக்க எங்கள் பெண்களில் எத்தனை பேருக்குக் கை வரும்?

கீரிமலைப் பக்கத்தில் பழைய சுண்ணக்கல் கிடங்கொன்றில் அனுமதி எடுத்திருந்தார்கள். சுற்றிவர வெள்ளைக் கற்சுவர்; தூறல் இன்னும் விடவில்லை. கனிசியஸ் முன்னாள் பொலிஸ்காரர், நரைத்த மீசை, குறைந்த பேச்சு. இருவரையும் மாதக்கணக்காகப் பழக்கியவர் அவர்தான். இலக்கு மட்டைகளை நட்டுவிட்டு, “கிறிஸ்ரோபர்!” என்றார்.

கிறிஸ்ரோபர் நன்றாகவே சுட்டான். கூடு மாற்றும்போது மட்டும் அவசரத்தில் பிஸ்ரலின் கூட்டைக் காபைனுக்குள் திணிக்கப் பார்த்து, “சீ, இதில்லை” என்று நாக்கைக் கடித்தான். ஆனாலும் துவக்கு ஒரு தரமும் பிசகவில்லை. பிரகலாதன் தலையை ஆட்டினார்.

“உதயகலா!”

அவள் கோட்டில் வந்து நின்றாள். கூட்டைச் செருகினாள். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. புதிதுதானே என்று நினைத்தாள். ரவையை உள்ளே ஏற்றும் ஆணியை இழுத்துவிட்டு, தோளில் வைத்து, இலக்கைப் பார்த்து விசையை அழுத்தினாள்.

கிளிக்.

வெடியில்லை. அந்தக் கற்கிடங்கு முழுவதும் அந்தச் சின்னச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஆனால் உதயகலாவின் கை நிற்கவில்லை. காபைன் வார்ப்பட்டியில் தொங்கியது. அது தொங்கி முடிய முன்னரே பிஸ்ரல் கையில் இருந்தது. மூன்று வெடி. மூன்றும் மட்டையின் நடுவில்.

“நிப்பாட்டு!” என்றார் கனிசியஸ். ஆயுதங்களை வெறுமையாக்கிக் கீழே வைக்கச் சொன்னார். காபைனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரவை உள்ளை ஏறேல்லை. ஏனெண்டு தெரியேல்லை.”

பிரகலாதன் பெருமூச்சு விட்டார். “அப்ப முடிஞ்சுது. முதல் வெடிக்கே நிக்கிற சாமானை நம்பி ஆளை உள்ளை வைச்சுப் பூட்டேலாது. மற்றச் சோடியை எடுப்பம்.”

உதயகலா கீழே கிடந்த ரவைக்கூட்டைப் பார்த்தாள். தூறலில் ஊறிய சந்தனம் அதன் பக்கத்தில் களிமண்போல் திரண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கியது. வேறு யாருக்கும் விளங்கவில்லை. பேசாமல் இருந்தால் பழி துவக்கோடு போய்விடும். ஆசனமும் போய்விடும், ஆனால் மானம் மிஞ்சும். பேசினாலோ, ஆயுதத்தைத் துடைக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு வாசலுக்குத் திரும்ப வேண்டிவரும். கண்ணீர் முட்டியது. அவள் அதை விழவிடவில்லை.

“சேர், துவக்கிலை பிழையில்லை. பிழை என்னிலை.” கூட்டை எடுத்து நீட்டினாள். “நேற்றுப் பூசைக்கு நான் பூசின சந்தனம். துடைக்க மனம் வரேல்லை. அதுதான் கூடு முழுசாய் ஏறேல்லை.”

கனிசியஸ் விரலால் சுரண்டி மணந்து பார்த்தார். மீசை துடித்தது. “பிள்ளை, நானும் மாதாவின்ரை படத்தை மோட்டச்சைக்கிளிலை ஒட்டித்தான் வைச்சிருக்கிறன். பெற்றோல் ராங்குக்குள்ளை போடேல்லை.”

கிறிஸ்ரோபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரகலாதன் சிரிக்கவில்லை. “சிரிக்கிற விசயமே இது? றோட்டிலை நடந்திருந்தால்?”

“றோட்டிலை நடந்திருந்தாலும் இப்ப செய்ததைத்தான் செய்திருப்பன் சேர். காபைன் நிண்டுது, பிஸ்ரல் நிக்கேல்லை. இன்னும் ஒரு வெடிக்கு இடம் தாங்கோ.”

கனிசியஸ் தலையசைத்தார். அவள் காபைனில் கூடு ஏறும் வாயைத் துணியால் துடைத்தாள். விரலை விட்டுப் பார்த்தாள்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடுப்புப் பட்டியில், பூசைத் தட்டுக்குப் போகாமல் பைக்குள்ளேயே இருந்த பிஸ்ரலின் மேலதிகக் கூட்டை உருவிக் காபைனில் செருகினாள். அடியில் ஒரு தட்டு. கூட்டை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு ஆணியை இழுத்துவிட்டாள். கற்கிடங்கு அதிர்ந்தது. வெடிக்கு வெடி, இடைவெளியில்லாமல், கூடு வெறுமையாகும்வரை. வெள்ளைச் சுவரிலிருந்து புறாக்கள் கிளம்பின. மட்டையின் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“கிறிஸ்ரோபரின்ரை காபைன் நிண்டிருந்தால், பிஸ்ரலின்ரை கூட்டை அதுக்குள்ளை போட்டிருக்கேலாது” என்றார் கனிசியஸ், யாரையும் பார்க்காமல். “சோடி உதுதான் நல்லது. ஆள் ஆரெண்டதை நீங்கள் சொல்லுங்கோ.”

பிரகலாதன் உதயகலாவையே பார்த்துக்கொண்டு நின்றார். “உதயா, துவக்கை நம்புறன். உம்மை எப்பிடி நம்புறது?”

ஆறு வருடம் வாசலில் நின்ற பெண் தலையை நிமிர்த்தினாள். இப்போது கண்ணீர் விழுந்தது, குரல் விழவில்லை.

“நான் வாய் திறக்காட்டில் இது உங்களுக்குத் தெரிய வந்திராது சேர். உள்ளை பூட்டுப்பட்டிருக்கிற ஆள் என்ன செய்யுதெண்டு வெளியிலை இருக்கிற ஆருக்கும் தெரியாது. பிழை விட்டால் விட்டனெண்டு சொல்லுற ஆள் வேணுமெண்டால் நான் நிக்கிறன். பிழையே விடாத ஆள் வேணுமெண்டால் தேடுங்கோ. கிடைச்சால் எனக்கும் காட்டுங்கோ, கும்பிடுறன்.”

கிறிஸ்ரோபர்தான் முதலில் வாய் திறந்தான். “சேர், எனக்கு முன் சீற் போதும். இந்த அக்கா பின்னாலை இருந்தால் நான் நித்திரை கொண்டே போவன்.”

“நித்திரை கொண்டால் வேலை போகும்” என்றார் பிரகலாதன். பிறகு குரல் இறங்கியது. “திங்கட்கிழமை ஏறும் உதயா. ஒண்டு சொல்லிப்போட்டன்: இனிச் சந்தனம் துவக்கு வைக்கிற பெட்டிக்கு மட்டும்.”

“ஓம் சேர்.”

திங்கட்கிழமை காலை வாசலில் வேறொரு பெண் கைப்பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகலா கூடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பட்டியில் செருகினாள். இரும்புப் படியில் கால் எட்டவில்லை. கிறிஸ்ரோபர் கை கொடுக்க வந்தான்.

“தள்ளு தம்பி. நானே ஏறுவன்.”

ஏறினாள். காபைன் மடியில் அடங்கியது. கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. சின்னக் கண்ணாடித் துவாரத்தால் யாழ்ப்பாணத்து வெயில் கோடாக வந்து அவளுடைய முழங்காலில் விழுந்தது. முன்னாலிருந்து கிறிஸ்ரோபர் கத்தினான்: “அக்கா, சரியோ?”

“ஓம்” என்றாள் உதயகலா, சந்திக்கே கேட்கும் அந்தக் குரலில். “எடுங்கோ வாகனத்தை!”