கார்புரேட்டரில் போட்ட அடையாளம்

நான் பிறவியிலேயே ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை அடுப்படியில் மறுபடி அளந்து பார்ப்பேன். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். கீழ்வேளூர்ப் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தபோது, “மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கலைங்க” என்று சொல்பவரை நம்பாமல் தொட்டியையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். இந்தக் குணம் உள்ளவன் பழைய மோட்டார் சைக்கிள் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொண்டேன்.

ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. வெளிநாட்டுக் கூட்டில் செய்த நூறு சிசி வண்டிகள் வந்து இறங்கியதும், இரட்டை சைலன்சர் வைத்த பழைய வண்டிகளை எல்லாரும் தள்ளிவிடப் பார்த்தார்கள். கிக்கரும் கியரும் ஒரே கம்பியாக இருக்குமே, அந்த இருநூற்றைம்பது சிசி வண்டி. சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஒருவரிடமிருந்து வாங்கினேன். ஓடுகிற வண்டியை ஏன் விற்கிறார் என்று ஒரு வாரம் விசாரித்த பிறகுதான் வாங்கினேன்.

அதை வரப்பில் ஓட்டும் வண்டியாக மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு வண்டியை அப்படியே நிறுத்திவிடும். அதனால் முதல் வேலையாக முன் மட்கார்டை ஒரு சாண் உயர்த்தினோம். பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினோம். வேகம் போய் இழுவை வந்தது. இரண்டு சைலன்சரையும் வெட்டி ஒன்றாக்கி, சீட்டுக்கு அடியில் மேலே தூக்கி விட்டோம். இடுப்பளவு இல்லாத எந்த வாய்க்காலிலும் இறங்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சத்தம் மாறி, நான் வருவது அடுத்த ஊருக்கே கேட்டது. கடைசியாக, வரப்பில் இடிக்கிறது என்று சேலை கார்டையும் கழற்றினேன். “நான் உக்காருற எடத்த மட்டும் பாத்துக் கழட்டியிருக்கீங்க. யார ஏத்திக்கிட்டுப் போறதா உத்தேசம்?” என்றாள் மனைவி. பொருத்தம் பார்த்துத்தான் முடித்திருக்கிறார்கள்.

இத்தனை வேலையையும் செய்தவர் கடைத்தெரு முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். மீனவக் குடும்பம், அப்பாவின் படகு எஞ்சினில் கை பழகியவர். அதிகம் பேச மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு நம்பிக்கை வராது. என் வண்டியிலிருந்த கார்புரேட்டர் வண்டியோடு வந்த ஒரிஜினல். அந்த மாதிரி இப்போது கிடைக்காது, மெக்கானிக்குகள் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது போதாதா எனக்கு?

ஒரு நாள் அவர் கார்புரேட்டரைக் கழற்றி, துடைத்து, துணியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் முக்கோண அரத்தை எடுத்தேன். வெளியில் அடையாளம் போட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று, எஞ்சினோடு ஒட்டுகிற வழவழப்பான முகத்தில், குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு மறுபடி கவிழ்த்து வைத்தேன். திரும்பி வந்தவர், சரிபார்த்ததுதானே என்று திருப்பிப் பார்க்காமல் நடுவில் பேக்கிங் தாளை வைத்து எஞ்சினோடு முடுக்கிவிட்டார்.

மறுநாளே வண்டி மக்கர் செய்தது. ஆக்சிலேட்டரை விட்டால் ஒன்று தானாக அலறும், இல்லாவிட்டால் அணைந்துபோகும். சினை ஊசிக் குடுவையைக் கட்டிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி வந்தேன். கார்புரேட்டரை மாற்றிவிட்டார், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். சந்தேகமே இல்லை என்று நான் வாழ்க்கையில் முடிவு கட்டியது அந்த ஒரு முறைதான்.

அந்த எரிச்சலோடு ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில் ஃபேன்சி கடை வைத்திருந்த பாயிடம் சோடா குடிக்க நின்றேன். அவருடைய மச்சான் சார்ஜாவில் கராஜ் நடத்தினார். நல்ல வேலைக்காரர் ஒருவருக்கு விசா எடுக்கலாம், ஆளைப் பார் என்று மச்சான் எழுதியிருந்தார். பாய் மனதில் இருந்தவர் எங்கள் மெக்கானிக்தான். அவர் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். அப்பாவால் கடலுக்குப் போக முடியாமல் ஆன பிறகு அந்த வீடே இந்த விசாவைத்தான் நம்பியிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

“சார், உங்க வண்டிய அந்தத் தம்பிதானே பாக்குது? ஆளு எப்படி?” என்று பாய் கேட்டார்.

“வேலை தங்கமா செய்வாரு பாய். கைதான் சுத்தம் இல்ல. என் கார்புரேட்டர மாத்திட்டாருன்னு நெனக்கிறேன்.”

‘நெனக்கிறேன்’ என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் வண்டியைத் தஞ்சாவூரில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். “எந்த மடையன் சார் இதுல அரத்தப் போட்டான்? இந்தக் கோடு வழியா காத்து இழுக்குது. வண்டி எப்படி ஒழுங்கா ஓடும்?” என்றார். என் கோடு. என் கார்புரேட்டர். அடையாளம் போட்டவன் அதைப் பார்த்துவிட்டல்லவா வாயைத் திறந்திருக்க வேண்டும்? நாளைக்குச் சரிசெய்து தருகிறேன், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அப்போதும் விட மனம் வரவில்லை. இரண்டு பேக்கிங் வைத்து ஒப்பேற்றிக்கொண்டு ஊருக்கு ஓட்டி வந்தேன்.

நேராகப் பாயிடம் போனேன். தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளை சொக்கத் தங்கம் என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தத் தம்பி அனுப்பிச்சுதா சார்?”

“இல்ல பாய், சத்தியமா நானாதான் வந்தேன்.”

“அன்னிக்கு நீங்க சொன்னதும் நம்பிட்டேன். கவர்மெண்டு ஆளு, எதுக்குப் பொய் சொல்லப் போறீங்கன்னு. இன்னிக்கு இல்லங்கறீங்க. எத நம்புறது?” பிறகு, “விசா வேற ஆளுக்குப் போயிடுச்சு சார்” என்றார்.

நான் எவ்வளவு சொல்லியும் அவர் பார்வை மாறவில்லை. ஊரையெல்லாம் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறர் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

ரோட்டைத் தாண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அரம் போட்டதையும், பாயிடம் சொன்னதையும், விசா போனதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

“விசா போனத பாய் முன்னாடியே சொல்லிட்டாங்க சார். காரணம்தான் சொல்லல” என்றார். “நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

பிறகு ஸ்பேனரை எடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றினார். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அந்த முகத்தை அதில் வைத்துத் தேய்க்கப் போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“தேய்ச்சு மட்டம் பண்ணணும். உங்க அடையாளம் போயிடும் சார். பரவால்லையா?”

கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது எனக்கு இன்று வரை தெரியாது. தேய்க்கச் சொல்லித் தலையை மட்டும் ஆட்டினேன்.