சுட்ட தோட்டாவின் நீளம்

அவருக்கு வீட்டில் ‘ரெண்டாந்தடவை’ என்று பெயர். வைத்தவன் மனைவியின் தம்பி. லேத் பட்டறையில் இரும்பைக் கடைகிற மனிதர், வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் இவர் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்து போய் மறுபடியும் அணைப்பார். கல்யாணம் பேச வந்தபோதுகூட ‘சம்மதம்’ என்று சொல்லிவிட்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து இன்னொரு தடவை ‘சம்மதம்’ என்றாராம். நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் மச்சினன் இதைச் சொல்லிச் சிரிப்பான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, போகும்போது செருப்பு தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொள்வார்.

மச்சினன் எடுத்தேன் கவிழ்த்தேன் பேர்வழி. ஊருக்கு வெளியே மக்காச்சோளம் போட்டிருந்தான். கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தன. வேலி போட்டான், தகரத்தைத் தட்டினான், தொண்டை கட்டும்வரை கத்தினான். பன்றிகள் எதையும் சட்டை செய்யவில்லை. கடைசியில் அலைந்து திரிந்து, சுடுவதற்கு அனுமதி வாங்கிவிட்டான். துப்பாக்கிதான் வீட்டிலேயே இருக்கிறதே. கொள்ளுத்தாத்தா காலத்து இரட்டைக்குழல். எண்ணெய்த் துணி சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. உரிமத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். அது வெடித்துக் கேட்டவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

பக்கத்து டவுனுக்குப் போய் ஒரு பெட்டித் தோட்டா வாங்கி வந்தான். மறுநாள் காலை இவர் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில் துப்பாக்கியும் கையுமாக வாசலில் வந்து நின்றான். தோட்டா உள்ளே போகிறது, துப்பாக்கி மூடுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவன் கட்சி. அளக்காமல் எதையும் நம்பாதது இவர் கட்சி. பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையின் ஆழம் அறுபத்தைந்து மில்லிமீட்டர். தோட்டாவின் நீளம் ஐம்பத்தெட்டு. இன்னொரு தடவை அளக்கக் கையைக் கொண்டுபோனபோது பட்டறை வேன் வாசலில் வந்து ஹார்ன் அடித்தது.

“தாராளமா இடம் இருக்கு மாப்ள. சுடலாம்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பட்டறையில் அன்று அவருக்கு வேலை ஓடவில்லை. பூட்டைத் திரும்ப இழுத்துப் பார்க்காமல் வந்தவனின் அவஸ்தை. அறுபத்தைந்தில் ஐம்பத்தெட்டு என்று மனசுக்குள் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை அளக்காதது உறுத்திக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு, கடைத்தெருவிலிருந்த துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடையை நடத்துவது ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி இவர் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்த டப்பாவைத் துழாவி, அதே வகைத் தோட்டாவின் சுட்ட கூடு ஒன்றை எடுத்து இவர் முன் வைத்தார்.

“இத அளங்க.”

அளந்தார். எழுபது. திரும்ப அளந்தார். எழுபதுதான்.

சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடித்து அடைக்கப்பட்டிருக்கும். சுட்டதும் மடிப்பு விரிந்து கூடு நீளும். அறை குட்டையாக இருந்தால் அந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் போய் நின்று வழியை அடைக்கும். பின்னால் அழுத்தம் எகிறும். அளந்தது தப்பில்லை, அளந்த பொருள்தான் தப்பு என்றார் அந்த அம்மாள். பிறகு, குழலில் நெளிநெளியாகக் கோடு ஓடுகிறதா என்று கேட்டார். இவர் ஆமாம் என்றதும் எழுந்துவிட்டார். அது இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த குழல். அந்தக் காலத்து மெதுவான வெடிமருந்துக்கு ஏற்றது. இன்றைய தோட்டாவை அது தாங்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

இவர் உடனே மச்சினனுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தான், மணி அடித்தால் பதுங்கியிருக்கும் இடம் பன்றிக்குத் தெரிந்துவிடுமே. மனைவிக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. சுடலாம் என்று சொன்னது இவர் வாய்.

“ஏறுங்க” என்று அந்த அம்மாள் ஸ்கூட்டரை எடுத்தார்.

வழியில் எங்கோ ஒரு லாரியின் டயர் வெடித்தது. இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சோளக்காட்டு ஓரத்தில் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினார்.

மச்சினன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி திறந்தபடி மடியில் கிடந்தது. தோட்டாக்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. இவர் அவன் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன. திரும்பவும் எண்ணினார். பிறகு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பன்னி வந்துச்சு மாமா. இந்தா, கைக்கெட்டுற தூரத்துல நின்னு தின்னுச்சு. நான் சுடல.”

“ஏன்டா?”

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

“காலையில நீங்க ஒரு தடவதான அளந்தீங்க.”

இத்தனை வருஷக் கேலிக்கு அடியில் இவன் இதைத்தான் வைத்திருந்தானா? எத்தனை தடவை அளந்திருந்தாலும் அதே தப்புதான் வந்திருக்கும் என்று உண்மையைச் சொன்னார். மச்சினனின் முகம் வெளுத்தது. தோட்டாப் பெட்டியை எட்டத் தள்ளி வைத்தான். அவனுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது, இவருக்கும் தொற்றிக்கொண்டது. அந்த அம்மாள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிப் போனார்.

நல்லவேளை, குழல்கள் துரு ஏறாமல் கனமாகவே இருந்தன. அந்த அம்மாள் உள்ளும் புறமும் சோதித்தார். குட்டையான, அழுத்தம் குறைந்த தோட்டாக்களை வரவழைத்தார். துப்பாக்கியைக் கட்டையில் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று விசையில் கட்டிய கயிற்றை இழுத்துச் சுட்டுப் பார்த்தார். இவரும் மச்சினனும் காதைப் பொத்திக்கொண்டார்கள். துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவிக்கு அன்றுதான் விஷயம் தெரிந்தது. இருவருக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

புதுப் பெட்டியோடு ஒரு சுட்ட கூட்டையும் அந்த அம்மாள் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் இவர் வெர்னியரை எடுத்தார். அறையை அளந்தார், கூட்டை அளந்தார். அறுபத்தைந்துக்கு அறுபத்தைந்து. திரும்பவும் அளந்தார். அதேதான். திருப்தியாக வெர்னியரைப் பைக்குள் வைக்கப் போனார்.

மச்சினன் அவர் கையைப் பிடித்தான்.

“இன்னொரு தடவ மாமா.”