குதிரைக்கு எழுதிய செலவு

என் வீட்டுக்காரர் மைசூரில் தீயணைப்புப் படையில் இருந்தார். தொண்ணூறுகளில் ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்தபோது உள்ளே போய் இரண்டு பேரைத் தூக்கி வந்தார். மூன்றாவது ஆளைத் தூக்குவதற்குள் சுவர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தாலே மனுஷர் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். என்னங்க என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, செருப்பைத் தேடறேன்" என்பார்.

ஸ்டேஷன் மணி அடித்தால் வண்டியில் ஏறமாட்டார். தசரா முடிவதற்குள் ஏறாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸும் போய்விடும். நான் விடுவேனா? இவர் மனசுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி இவருடைய அதிகாரியிடம் போய் நின்றேன். கால் உடைந்தால் செலவு செய்யலாம், மனசுக்குச் செலவு செய்யக் கணக்கில் இடமே இல்லை என்று பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே பதில் வந்துவிட்டதாக அந்த அதிகாரி கன்னடத்தில் அலுத்துக்கொண்டார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. தசராவுக்கு முன்னால் யானைகளையும் போலீஸ் குதிரைகளையும் நிறுத்திவைத்துப் பீரங்கி சுட்டுப் பழக்குவார்கள். ஊர்வலத்தன்று மிரளக் கூடாதாம். கொள்ளு, வெடிமருந்து எல்லாம் அரசாங்கச் செலவு. குதிரைக்குப் பயம் தெளியக் காசு இருக்கிறது, எங்கள் வீட்டுக்காரருக்கு இல்லையா என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுவிட்டேன்.

அதிகாரி சிரித்தார். ஆனால் மறுவாரமே, பீரங்கிப் பழக்கத்துக்குத் தீப்பாதுகாப்பு டூட்டி என்று குதிரைக் கணக்கிலேயே எழுதி இவரைக் குதிரை லாயத்துக்குப் போட்டுவிட்டார். அங்கே ஒரு பழுப்புப் பெண்குதிரைக்கு உடம்பு தேய்ப்பதுதான் இவருடைய முழுநேர வேலை. வீட்டுக்கு வந்தாலும் அவள் பேச்சுதான். "கேரட்டை நுனியிலேர்ந்துதான் தின்னுவா, கொத்தா, தெரியுமா?" என்று பாதிக் கன்னடத்தில் அளப்பார். எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

பீரங்கி சுட்ட அன்று வேடிக்கை பார்க்கும் கும்பலோடு நானும் போய் நின்றேன். முதல் வெடிக்கே இவர் முகம் வெளுத்தது. குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. விட்டுவிட்டு ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். இவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து அதன் கழுத்தில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குடி. அந்த ஆளை விட்டுட்டு வந்ததுலேர்ந்து பயந்தான். நீ இரு, நானும் இருக்கேன்" என்றார். நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

இத்தனை மாதமாய் என்னிடம் சொல்லாததைக் குதிரையிடம் சொல்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த வெடிக்கு நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் அங்கேயே நின்றார்.

சில நாள் கழித்து, தசரா முடியும் முன்பே, ஸ்டேஷன் மணி அடித்தது. கைகழுவிக்கொண்டிருந்தவர் ஓடினார். வாசலில் நின்ற என்னிடம், "பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.