பெரிய மாமா வாங்கிய சின்ன பிரஸ்

குமாரபாளையத்தில் மகள் வீட்டில் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பரமத்தி வேலூரிலிருந்து வந்த உறவுக்காரர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். "பெரியவரு காலைல போயிட்டாருங்க" என்றார். சீப்பு பேத்தியின் தலையிலேயே நின்றுவிட்டது.

பெரியவர் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் அர்த்தநாரி. எனக்குப் பெரிய மாமா. அந்தக் காலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டினார்கள். ரிப்பேரையும் வீட்டுக் கொட்டகையிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் புருஷனுக்கு மூத்தவரிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். பக்கத்திலேயே நிற்கும் மாமா அவருக்கே பதில் சொல்வார். ஒரு நாள் கார்ச் சக்கரத்துப் பேரிங்கைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றும்போது சில்லு தெறித்து என் வீட்டுக்காரரின் கண்ணோரம் கிழித்துவிட்டது.

"இனிச் சம்மட்டி எடுத்தா நான் எங்கப்பனூட்டுக்குப் போறேன்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"போக வேண்டாம்னு சொல்லுடா. பேரிங்க அமுக்கிக் கழட்டற எண்ணெய் பிரஸ் ஒண்ணு வாங்கிப்போடலாம்" என்றார் மாமா.

காரிலேயே சேலம் போனார்கள். கண்ணில் கட்டோடு இருந்தவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். பழைய இரும்பு வியாபாரியிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஆள் உயரம், புதுப் பச்சைப் பெயின்ட். மற்றது இடுப்பளவு, ஒரே அழுக்கு. கைப்பிடியை அடித்தால் எண்ணெய் போய் அடியிலுள்ள இரும்பு மேடையைத் தூக்கும். நடுவில் வைத்த பேரிங் அமுங்கிக் கழன்றுவிடும். "யானையவே நசுக்கும்ங்க" என்றார் வியாபாரி. மாமாவுக்குப் பச்சை மேலேயே கண். அதன் மேடையில் பெரிய இரும்புக் கட்டியை வைத்துத் தூக்கிவிட்டு, எண்ணெய் ஒழுகுகிறதா என்று அடியில் கைவிட்டுத் தடவினார்.

தள்ளி நின்ற எனக்கு மேடை மெல்ல இறங்குவது தெரிந்தது. "ஏனுங்க, உங்கண்ணங்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் வியாபாரியின் பேச்சில் மயங்கி நின்றார்.

"மாமா, கைய எடுங்க!"

எடுத்தார். மேடை தொப்பென்று உட்கார்ந்தது. நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். மாமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இனி நேராவே சொல்லு சாமி. சுத்தி வந்து சேர்றதுக்குள்ள கை போயிரும்."

"அந்தச் சின்னத ஏத்தி வெச்சுட்டு, சாப்புட்டு வந்து பாருங்க மாமா. எறங்காம நின்னா வாங்கிக்கலாம்."

கட்டுச்சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தோம். ஏற்றிய இடத்திலேயே நின்றது. பின்சீட்டைக் கழற்றி, அதையே காரில் போட்டுக்கொண்டு வந்தோம். அப்புறம் எங்கள் கொட்டகையில் சம்மட்டிச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்து ஊர்க் கார்களெல்லாம் பேரிங் மாற்ற எங்கள் வாசலுக்கு வந்த காலம் அது.

"தம்பி பொண்டாட்டிகூட நேருக்கு நேர் பேசறாரப்பா" என்று சிலர் கேலி செய்தார்கள். "பேசுனதாலதான்டா உங்களுக்குக் கும்புடு போட எனக்குக் கையிருக்குது" என்பார் மாமா. அதன்பின் என்னைக் கேட்காமல் அந்தக் கொட்டகைக்கு ஒரு திருகாணிகூட அவர் வாங்கியதில்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள். கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பத்து விரலும் முழுசாக இருந்தன. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. ஒருத்தி ஈரத்துணியோடு அதைத் துடைக்க வந்தாள். இருக்கட்டும் என்று தடுத்தேன்.

என் வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் விலகி வழிவிட்டார்கள். கிட்டே போய்க் குனிந்தேன்.

"நல்லபடியாப் போங்க மாமா. கொட்டகைய நாங்க பாத்துக்கறோம்."