நெல்சே நான்காவது ஆன வெள்ளிக்கிழமை

இந்தோனேசியாவின் சிற்றூர் தொமொஹோனில் நெல்சேயை எல்லாருக்கும் தெரியும். அவள் பகல் முழுக்க வீட்டுக்குள் என்ன செய்கிறாள் என்பதுதான் யாருக்கும் புரியாது. கணவன் பிரிந்து போய், மகளும் தொலைவில் மகஸ்ஸார் நகரில் குடித்தனம் வைத்த பிறகு, சுகாதார அலுவலக எழுத்தர் வேலையை விட்டுவிட்டு கணினியில் தங்க வர்த்தகம் செய்ய உட்கார்ந்தவள் அவள். தேவாலயப் பெண்கள் அதைச் சூதாட்டம் என்றார்கள். கொஞ்சநாள் விளக்கிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அந்த வருடம் நாடு தழுவிய வர்த்தகப் போட்டி ஒன்றில் சேர்ந்தாள். ஒரு மாதத்தில் யார் போட்ட முதல் அதிக விழுக்காடு வளர்கிறதோ அவர்களுக்குப் பரிசு. தரவரிசைப் பட்டியலில் புனைபெயர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவளுடையது 'காலைப்பனி'. கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலையில் காலைப்பனி மூன்றாவது இடம். மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சந்தோஷம்மா. புள்ள அழுவுறான், அப்புறம் பேசறேன்."

மதியம் எதிர்வீட்டு பெர்ட்டி இறந்துபோனார். சாவு வீடென்றால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சமைக்கப் போயாக வேண்டும். அன்று இரவு அமெரிக்க அரசின் மாதாந்திர வேலைவாய்ப்புக் கணக்கு வரும், அதில் தங்கம் விலை ஏறும் என்று வாங்கி வைத்திருந்தாள். விலை துள்ளும் நேரத்தில் பார்க்க ஆளில்லாமல் விட்டுப்போவது அவள் வழக்கமில்லை. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"என்னடி, தங்கச் சுரங்கத்துக்கு இன்னைக்கு லீவா?" என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெய்த்தி. எல்லாரும் சிரித்தார்கள். நெல்சேயும் சிரித்துவிட்டு இஞ்சி நறுக்க உட்கார்ந்தாள்.

அவள் கணித்தபடியே இரவில் தங்கம் ஏறியது. தண்ணீர்க் குழாயருகே போய் கைபேசியைப் பார்த்தாள். காலைப்பனி நான்காவது. திரும்பி வந்து தட்டுகளைக் கழுவினாள்.

தலைநகர் ஜகார்த்தாவில் ஒரு ஓட்டலில் பரிசளிப்பு; முதல் பத்து இடக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றிருந்தார்கள். யாரை அழைப்பது? தனியாகவே போனாள். பக்கத்து நாற்காலியின் முன்னால் 'நெல்சே அவர்களின் துணைவர்' என்று ஓர் அட்டை. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாம் பரிசு வாங்கிய சுரபாயா இளைஞன் ரெந்த்ரா அவளைத் தேடி வந்தான்.

"காலைப்பனி நீங்கதானாக்கா? நான் யாரோ பெரியவர்னு நெனச்சிட்டிருந்தேன்!"

"ஏமாந்துட்டியா?"

"ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு உங்க நம்பர் அப்படியே நின்னுபோச்சே, ஏன்?"

"எதிர்வீட்டுல சாவு. சமைக்கப் போயிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "மாசம் பூரா உங்க பேரைத்தான் பாத்துட்டிருந்தேன். அது நின்னதும் உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்க்கா."

நெல்சேக்கு எவ்வளவோ பேசவேண்டும் போலிருந்தது. அதற்குள் அவன் மனைவி போட்டோ எடுக்கக் கூப்பிட்டாள்.

"இதோ வந்துடறேன்" என்று போனான். ஓட்டல் ஆட்கள் மேசைத் துணிகளை உருவும் வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடப் போட்டிப் பட்டியலில் அவன் புனைபெயரைத்தான் முதலில் தேடினாள். இல்லை. தினமும் தேடினாள். அந்தமுறை அவளுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. விழாவுக்கு வர முடியாது, சான்றிதழை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதிப் போட்டாள்.